மூன்றாவது சம்ப்

பெரம்பூரில் சம்ப் என்றால்
தரைக்கு அடியில், இரும்பு மூடிக்குக் கீழே
லாரித் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று
குனிந்து பார்க்கும் இருட்டு.
வின்னிபெக்கில் சம்ப் என்றால்
பேஸ்மென்ட் மூலையில் ஒரு குழி.
ஏப்ரலில் பனி உருகினால்
யாரும் கேட்காமலே உறுமும் அதன் மோட்டார்.
மூன்றாவது ஒன்று இருக்கிறது,
மீன் தொட்டிக்கு அடியில் வைப்பது
என்று பரிதி சொன்னபோது
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
"எவ்வளவு?"
தொண்டையைக் கனைத்தான்.
கடையில் நானூற்று எண்பது டாலர், வரி தனி.
அந்த மாதம் அவனுக்கு
வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட்தான்.

முதலில், குளிர்காலக் கோட்டுகள் இருந்த பிளாஸ்டிக் பெட்டி.
கோட்டுகள் சோபாவுக்கு இடம் மாறின.
தண்ணீர் ஊற்ற ஊற்ற அதற்கு
ஆறாம் மாதம்,
ஏழாம் மாதம்.
எட்டில் நான் போதும் என்றேன்.

பிறகு செயின்ட் போனிஃபேஸில் மார்செல் என்பவரிடம்
வெள்ளெலி வளர்த்த கண்ணாடித் தொட்டி,
இருபது காலன், பதினைந்து டாலர்.
எலி என்ன ஆனது என்று மகிழ் கேட்டாள்.
மார்செல் வானிலை பற்றிப் பேசினார்.

உள்ளே தடுப்புக்குக் கண்ணாடி வேண்டும்.
பழைய சாமான் கடையில்
யாருடையவோ கல்யாணப் படச் சட்டங்கள் மூன்று,
சட்டம் இரண்டு டாலர்.
மெல்லிசாக இருக்கிறதே என்றேன்.
"ரெண்டு பக்கமும் தண்ணி, தாங்கும்."
கண்ணாடியை எடுத்துக்கொண்டோம்,
படங்களை எறிய மனம் வரவில்லை.
முகம் தெரியாத மூன்று ஜோடிகள்
இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் சிரிக்கிறார்கள்.

பூஞ்சை மருந்து கலக்காத சிலிகான் ஒரு குழல்.
இரண்டு நாள் வீடெல்லாம் வினிகர் வாடை.
பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் முப்பது.
பாக்டீரியாவுக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது.
மோட்டார் மட்டும் புதிது, என் ஓவர்டைமில்.
அதில் மிச்சம் பிடிக்க
எனக்கே பயமாக இருந்தது.

ஓடியது.
மேலிருந்து வழிந்து, நாரில் நுழைந்து,
தடுப்பு ஏறி, தடுப்பு இறங்கி,
மறுபடி மேலே.
பரிதி கைகட்டி நின்றான்,
தானே மழையைக் கண்டுபிடித்தவன் மாதிரி.
"கரண்ட் போனா?" என்றேன்.
பிளக்கைப் பிடுங்கிக் காட்டினான்.

மேல்தொட்டி தன் பாட்டுக்கு இறங்கியது,
போன வழியே குழாயில் பின்வாங்கி.
கீழ்த்தொட்டி விளிம்பு தாண்டி,
தரை தாண்டி,
செருப்புகளைத் தூக்கிக்கொண்டு
மூலைக் குழியைத் தேடிப் போனது.
மூன்றாவது சம்ப் இரண்டாவதில் விழ
அது உறுமியது,
அக்டோபரில்.
மகிழ் கைதட்டினாள்.
நான் துடைப்பக்கட்டையை
அவன் பக்கம் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே,
காற்று நுழைய ஒரு துளை. செலவில்லை.
கீழ்த்தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு,
கோட்டுக்கு மேலே ஒரு சாண் வெறுமை.
இதற்கு மேல் ஊற்றாதே என்று
அவனே அவனுக்கு எழுதி ஒட்டினான்.

ஜனவரி. இரவு இரண்டு மணி.
வீட்டின் எல்லா முனகலும் ஒன்றாக நின்றதில்
விழித்துக்கொண்டேன்.
தெரு முழுக்க இருட்டு, பனி கிடைமட்டமாகப் போகிறது.
போன் வெளிச்சத்தில் கீழே இறங்கினேன்.
தண்ணீர் கோட்டைத் தாண்டி
ஏறிக்கொண்டிருந்தது.
மூலைக் குழிக்கும் இன்று மோட்டார் கிடையாது.
குனிந்து பார்த்தேன்,
எவ்வளவு ஏறியது என்று அல்ல,
எவ்வளவு மிச்சம் என்று.
நான்கு விரல்.
மூன்று.
துளை ஒருமுறை உறிஞ்சியது,
டம்ளரின் கடைசி மோர் மாதிரி.
இரண்டு விரலில் நின்றது.

பரிதியை எழுப்பவில்லை.
காலையில் சொன்னால் பெருமைப்படுவான்,
தாங்க முடியாது.
மீன்கள் ஒரே மூலையில் கூடியிருந்தன.
கண்ணாடி குளிர ஆரம்பித்திருந்தது.
சோபாவிலிருந்து
பெட்டி இழந்த கோட்டுகளை எடுத்து வந்து
தொட்டியைச் சுற்றிப் போர்த்தினேன்.
மகிழுக்குச் சின்னதாகிவிட்ட சிவப்புக் கோட்டுக்கு மட்டும்
பழக்கத்தில்
ஜிப்பையும் மேலே இழுத்துவிட்டேன்.